பொருளாசை கூடிவிட்டதா? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"இந்தக் காலத்துல எல்லாருக்கும் காசுதான் பெருசு" என்ற பேச்சு கல்யாணப் பந்தியிலும் கேட்கிறது, மாங்காய் மண்டியிலும் கேட்கிறது. அந்தப் பேச்சைத் தொடர்ந்து வழக்கமாக வரும் கேள்விகளையும் அவற்றுக்கு என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

சுருக்கமாகச் சொல்லுங்கள். நாம் முன்னைவிடப் பொருளாசை பிடித்தவர்களாகிவிட்டோமா?

வீட்டில் சாமான் கூடியிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆசை எப்போதும் இருந்ததுதான். இப்போது கூடியிருப்பவை இரண்டு. ஒருவர் வைத்திருக்கும் சாமானைப் பார்த்து அவரை எடைபோடுவது ஒன்று. அந்த எடையில் தேறுவதற்காகக் கடன் வாங்குவது இன்னொன்று. பிரிட்ஜ் வாங்கினவரையும் பைக் வாங்கினவரையும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அந்தக் காலத்தில் ஜனங்கள் இருப்பதைக் கொண்டு நிம்மதியாக இருந்தார்களே?

தருமபுரி அகழ்வைப்பகத்தில் இருக்கும் நடுகற்களை ஒருமுறை போய்ப் பாருங்கள். கையில் வில்லோ வாளோ வைத்துக்கொண்டு ஒரு வீரன் நிற்பான், உடம்பில் அம்பு தைத்திருக்கும். பக்கத்தில் சின்னதாக மாடுகள். இவற்றில் பல மாட்டு மந்தையைக் கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவர்களுக்கு ஊர் நட்ட கற்கள். அன்றைக்கு மாடுதான் சொத்து. அந்தச் சொத்துக்காக ஊர் ஊராகக் கொள்ளை நடந்திருக்கிறது, உயிர் போயிருக்கிறது. ஆசையே இல்லாத காலம் என்று ஒன்று இந்த மண்ணில் இருந்ததாகத் தெரியவில்லை.

பகட்டும் புதிதில்லை. தகடூர் என்ற பழைய பெயரில் இந்தத் தருமபுரியை ஆண்ட அதியமானுக்காக ஔவை தூது போன கதையை இங்கே பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அவள் போன இடத்தில் எதிரி அரசன் தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைத் திறந்து காட்டுகிறான். எல்லாம் நெய் பூசி, பீலி கட்டி, மாலை போட்டு மினுமினுவென்று இருக்கின்றன. ஔவை பார்த்துவிட்டு, எங்கள் ஆள் வேலெல்லாம் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்கிறாள். புழங்குகிற பொருளுக்கும் பார்வைக்கு வைத்த பொருளுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிட நறுக்கென்று சொல்லிவிட முடியாது.

சரி, எது தேவை, எது பொருளாசை? எப்படிப் பிரிப்பது?

1992இல் மார்ஷா ரிச்சின்ஸ், ஸ்காட் டாசன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்கு ஓர் அளவுகோல் போட்டார்கள். அவர்கள் பார்த்தது மூன்று விஷயங்கள். பொருள் சேர்ப்பதுதான் வாழ்க்கையின் மையம் என்று ஒருவர் நினைக்கிறாரா, இன்னும் சில பொருள் கிடைத்தால்தான் சந்தோஷம் வரும் என்று நம்புகிறாரா, தான் ஜெயித்ததையும் அடுத்தவர் ஜெயித்ததையும் பொருளை வைத்தே அளக்கிறாரா. வீட்டில் எத்தனை சாமான் இருக்கிறது என்ற கேள்வி இதில் இல்லவே இல்லை. குடிசையில் இருப்பவருக்கும் பொருளாசை மிகுந்திருக்கலாம், மாடி வீட்டுக்காரருக்கு அது குறைவாக இருக்கலாம்.

நம் ஊரில் அதிகம் தட்டுப்படுவது மூன்றாவது வகை. "பையன் என்ன பண்றான்?" என்ற கேள்விக்கு அடுத்ததாகவே "கார் எடுத்துட்டானா?" என்று வருகிறதே, அது.

பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி எல்லாம் ஆடம்பரம் இல்லையா?

ஆட்டுக்கல்லில் தினமும் மாவாட்டியவர்களைக் கேளுங்கள். அந்தக் கேள்வியை மிக்ஸிக்குப் பிறகு பிறந்த ஆண்கள்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள்.

2006இல் ஆட்சிக்கு வந்த அரசு வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்தது. 2011இல் வந்த அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. அன்றைக்கு இதையெல்லாம் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெண்ணுக்கு நாளில் எவ்வளவு நேரம் மிச்சமானது என்பதை அந்தக் கேலிக்காரர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

செலவுக் கணக்கும் மாறிவிட்டது. மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வுப்படி, நாட்டின் கிராமப்புறங்களில் 2011-12இல் மொத்தச் செலவில் ஏறக்குறைய 53% சாப்பாட்டுக்குப் போனது. 2022-23இல் அது 46% அளவுக்கு இறங்கியது. கையில் வருவதெல்லாம் வயிற்றுக்கே சரியாகப் போன வீடுகளில் கொஞ்சம் மிஞ்சத் தொடங்கியிருக்கிறது. மிஞ்சுவது பைக்காகவும் போனாகவும் பள்ளிக் கட்டணமாகவும் மாறுகிறது. மானாவாரி நிலத்தை நம்பி, மழை பொய்த்தால் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் மூட்டை கட்டிய மாவட்டங்களில் இதைப் பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்படியானால் "பொருளாசை" என்ற குற்றச்சாட்டே தவறா?

யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று கவனித்தால் போதும். பரம்பரையாகக் காரும் தோப்பும் வைத்திருப்பவரைப் பார்த்து யாரும் இப்படிச் சொல்வதில்லை. புதிதாகச் சம்பாதிக்கத் தொடங்கியவர்கள் மேல்தான் இது விழுகிறது. கூலிக்காரர் மகன் புல்லட் எடுத்தால், காலனி வீட்டுக்கு ஏசி வந்தால், பெண்பிள்ளை தன் சம்பளத்தில் ஸ்கூட்டர் வாங்கினால் ஊர் வாய் திறக்கும்.

இதன் கோரமான முகத்தைத் தருமபுரி பார்த்திருக்கிறது. 2012 நவம்பர் 7 அன்று, சாதி மாறி நடந்த ஒரு கல்யாணத்தைக் காரணமாகச் சொல்லி, நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளைக் கும்பல் சூறையாடியது. இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. அடித்து நொறுக்கியதிலும் கொளுத்தியதிலும் பைக், டிவி, பிரிட்ஜ், பீரோ எல்லாம் இருந்தன. பீரோவை உடைத்து நகையும் பணமும் எடுத்துப் போனார்கள். அவற்றில் பல, வெளியூரில் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போய் வருஷக்கணக்கில் சேர்த்தவை. கல்யாணம் ஒரு சாக்கு, அந்த வீடுகளில் வந்திருந்த வசதிதான் கண்ணை உறுத்தியது என்று அப்போதே பலர் எழுதினார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

அந்த வீட்டுக்காரர்களுக்கு ஒரு பீரோ என்பது வெறும் பீரோவா? யாருடைய வாசலிலும் போய் நிற்க வேண்டாம் என்ற தைரியமும் அதற்குள்தான் இருந்தது. எளிமையாக இருங்கள் என்று அவர்களிடம் உபதேசம் செய்ய எவருக்கும் யோக்கியதை கிடையாது.

ஓசூர் கம்பெனிகளுக்குப் போகும் பெண்பிள்ளைகள் சம்பளத்தையெல்லாம் துணிக்கும் போனுக்கும் செலவழிக்கிறார்களாமே?

ஷிப்டு முடிந்து ஹாஸ்டல் பஸ் ஏறும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள். தம்பி படிப்பு, அப்பா வாங்கிய கடன், தன் கல்யாணத்துக்கான நகை எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான். மிச்சத்தில் ஒரு நல்ல போன் வாங்கினால் வாங்கட்டுமே. பையன்கள் பைக்குக்குப் போடும் பெட்ரோலை யாரும் இப்படி எண்ணிப் பார்ப்பதில்லை.

பணம் கூடினால் சந்தோஷம் கூடுமா?

1974இல் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் என்ற பொருளாதார அறிஞர் ஒரு முரண்பாட்டைக் காட்டினார். ஒரு நாட்டுக்குள் வசதியானவர்கள் ஏழைகளைவிடச் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஆனால் நாட்டின் மொத்த வருமானம் ஏறிக்கொண்டே போனாலும் சராசரிச் சந்தோஷம் அதே வேகத்தில் ஏறுவதில்லை. இதை மறுத்து வேறு கணக்குக் காட்டியவர்களும் உண்டு, சண்டை இன்னும் ஓயவில்லை. ஈஸ்டர்லின் சொன்ன காரணம் நமக்குப் புரியக்கூடியதுதான்: நம் வசதியை நாம் பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டே அளக்கிறோம், இரண்டு வீட்டுக்கும் ஒரே சமயத்தில் ஏசி வந்தால் யாருக்கும் பெருமை மிஞ்சாது.

பசிக்கும் வீட்டில் பணம் நிம்மதி தரும். இதற்கு ஆய்வு வேண்டாம்.

கல்யாணம், மஞ்சள் நீராட்டு, சீர்வரிசை இவற்றில் நடப்பது பொருளாசை இல்லையா?

இங்கேதான் நானும் கூச்சல் போடுகிறவர்கள் பக்கம் சேர்ந்துகொள்கிறேன்.

தாய்மாமன் சீரை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு பட்டுப் பாவாடை, மாலை, தேங்காய் பழம், முடிந்தால் ஒரு தோடு. இப்போது எத்தனை தட்டு என்பதுதான் பேச்சு. 51, 101, 151 என்று ஏறுகிறது. தட்டை அலங்கரித்து வாடகைக்குத் தரும் கடைகள் வந்துவிட்டன. கிட்டப் போய்ப் பாருங்கள். நாலு ஆப்பிளைக் கண்ணாடித் தாளில் சுற்றி ரிப்பன் கட்டினால் அது ஒரு தட்டு. சாக்லேட்டைக் கோபுரமாக அடுக்கினால் ஒரு தட்டு. வளையல் ஒரு தட்டு, குங்குமம் ஒரு தட்டு, லட்டு ஒரு தட்டு, ஜாங்கிரி ஒரு தட்டு. ஒரே பெட்டிப் பழம் ஐந்து தட்டாகப் பிரியும். மேளத்தோடு தெருவில் ஊர்வலம் வரும்போது மேலே ட்ரோன் பறக்கும், அது எண்ணுவதற்கு வாகாகத்தான் தட்டுகள் வரிசை கட்டும். மண்டபத்தில் இறக்கி வைத்த கொஞ்ச நேரத்தில் கண்ணாடித் தாள் முழுவதும் குப்பைக்குப் போய்விடும். தட்டுகள் கடைக்குத் திரும்பும். மாமன் வாங்கிய கைமாத்து மட்டும் வீட்டில் இருக்கும்.

மாமன் இதை ஆசைப்பட்டா செய்கிறார்? பெரும்பாலும் இல்லை. போன மாதம் பங்காளி வீட்டில் 101 வந்தது, நாம் 51 கொண்டுபோனால் அக்கா முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள் என்ற பயம்தான். ஊரில் பாதிப் பேர் இப்படி ஒருவருக்கொருவர் பயந்தே செலவழிக்கிறார்கள். ஒரு வீடு மட்டும் நிறுத்தினால் கஞ்சப் பட்டம் வரும். பெரிய வீடு ஒன்று முதலில் குறைத்தால் மற்றவர்களுக்கு வழி பிறக்கும். கையில் இருப்பவர் சுருக்கமாகச் செய்தால் அது எளிமை, இல்லாதவர் செய்தால் இயலாமை என்றுதானே பெயர். அதனால் இதில் முதல் பொறுப்பு வசதியானவர்களுக்குத்தான்.

மொய்?

அது நோட்டில் எழுதிய கடன். வட்டி இல்லை என்பார்கள், ஆனால் திருப்பிச் செய்யும்போது கொஞ்சம் கூட்டித்தான் செய்ய வேண்டும். வங்கி எட்டாத ஊர்களில் அது நல்லது செய்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நகை சேமிப்பா, ஆடம்பரமா?

இரண்டும்தான். ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் ராத்திரியோடு ராத்திரி உதவுவது நகைதான். வீட்டில் பெண்ணின் பெயரில் இருக்கும் ஒரே சொத்தும் பல இடங்களில் அதுவே. அதனால் நகை வாங்கும் பெண்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சேமிப்பு என்ற கணக்கில் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செய்கூலி, சேதாரம், அதற்கு மேல் 3% ஜிஎஸ்டி என்று கொடுத்தது எதுவும் விற்கும்போது திரும்பி வராது. கல் வைத்த நகையில் நஷ்டம் இன்னும் கூடும்.

மாப்பிள்ளை வீட்டார் கேட்டுப் போடும் நகை வேறு விஷயம். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. "நாங்க ஒண்ணும் கேக்கலைங்க, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்ற வாக்கியத்துக்குள் அந்தச் சட்டத்தை மடித்து வைத்துவிட்டோம். இந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் பிறந்த பெண் சிசுவைக் கொல்லும் கொடுமை நடந்தது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கு விரிவாக்க வேண்டி வந்ததே அதனால்தான். பெண் பிறந்தால் சவரன் சவரனாகக் கொடுக்க வேண்டும் என்ற பயம் அந்தக் கொடுமைக்குப் பின்னால் இருந்த பெரிய காரணம்.

"பெண்ணுக்கு உரிய பங்கைத்தான் நகையாகக் கொடுக்கிறோம்" என்பவர்களுக்கு ஒரு கேள்வி. 1989லேயே தமிழ்நாடு, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று சட்டம் திருத்திவிட்டது. அந்தப் பங்கை நிலமாகக் கொடுப்பதில் என்ன தயக்கம்?

ஜீரோ வட்டி டியூவில் வாங்கினால் நஷ்டமில்லையே?

வட்டியே இல்லாமல் யாரும் கடன் தரமாட்டார்கள். 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே ஜீரோ வட்டி என்ற ஒன்று கிடையாது என்று வங்கிகளைக் கண்டித்தது. ரொக்கம் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி டியூவில் கிடைக்காது, பிராசசிங் கட்டணம் தனி, சில இடங்களில் இன்சூரன்ஸ் என்று ஒன்றையும் சேர்த்துவிடுவார்கள். கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இப்பவே முழுப் பணம் கொடுத்தா எவ்வளவுக்குத் தருவீங்க?" டியூவில் மொத்தம் கட்டப்போவதிலிருந்து அதைக் கழித்தால் வட்டி தெரிந்துவிடும்.

மகளிர் குழுக் கடன் எடுத்து டிவி வாங்குவது பற்றி?

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாக முதலில் தொடங்கியது நம் தருமபுரியில்தான், 1989இல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. அன்றைக்கு முதலில் சேமிப்பு, அதற்குப் பிறகுதான் கடன். மாடு, ஆடு, சின்னக் கடை என்று வருமானம் தரும் எதற்காவது கடன் போகும். இப்போது குழு என்ற பெயரில் வாசலுக்கு வரும் தனியார் நிதி நிறுவனங்களுக்கும் அந்தக் குழுக்களுக்கும் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. முதல் கடனுக்கு வாரம் கட்ட இரண்டாவது கடன், அதைக் கட்ட மூன்றாவது என்று போகும் வீடுகளை எல்லாரும் பார்க்கிறோம். நுண்கடன் வாங்கும் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டிருக்கிறது. கடன் கொடுக்க வருபவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

மாந்தோப்பையெல்லாம் பிளாட் போட்டு விற்கிறார்களே, அது பேராசைதானே?

காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி ரோட்டில் போகும்போது மரத்தை வெட்டிச் சமப்படுத்தி, மஞ்சள் கல் நட்டு, கொடித் தோரணம் கட்டியிருப்பதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் தோப்பு வைத்திருப்பவரின் கணக்கு வேறு. கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா ரகத்துக்கு விலையை முடிவு செய்வது அவர் இல்லை. 2025 சீசனில் விலை விழுந்தபோது பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று விவசாயிகள் போராட்டம் நடத்தினார்கள். பிள்ளைகள் ஓசூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்கிறார்கள். அப்பா தனியாக எத்தனை வருஷம் மருந்தடிப்பார்? பேராசை இருக்கிறது, ஆனால் அது இடையில் நின்று வாங்கி விற்பவரிடம் அதிகம், தோப்புக்காரரிடம் குறைவு.

களி தின்றவர்கள் இப்போது பீட்சா கேட்கிறார்களே?

களி தின்றவர்கள் முதலில் கேட்டது பீட்சா இல்லை, நெல்லுச் சோறு. அது பண்டிகைக்கு மட்டும் கிடைத்த காலம் இருந்தது. வீட்டுக்கு ஆள் வந்தால் களியை மறைத்து வைத்தார்கள். இப்போது கேழ்வரகுக்கு நகரத்தில் மவுசு, அழகான பாக்கெட்டில் அரிசியைவிடக் கூடுதல் விலை. 2023இல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதே தானியம், அதே ருசி. முன்பு ஏழையின் அடையாளம், இப்போது ஆரோக்கியத்தின் அடையாளம். இதற்குப் பிறகும் பொருளின் மதிப்பு பொருளுக்குள்ளேதான் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சொந்தக் காசில் வாங்குவதால் ஊருக்கு என்ன கெடுதல்?

வாங்குவதால் கெடுதல் இல்லை. எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பு வந்துவிட்டால், பொதுவில் இருப்பதைக் கேட்க ஆளில்லாமல் போகிறது. என்னைக் கேட்டால் நம் காலத்தின் உண்மையான பிரச்சினை இதுதான்.

தண்ணீரைப் பாருங்கள். இந்த இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு எலும்பு வலி, சிலருக்குக் காலே வளைந்துபோனது. காசு இருந்தவர்கள் ஆர்ஓ மெஷின் மாட்டிக்கொள்ளலாம், கேன் போடச் சொல்லலாம். கூலிக்காரர் என்ன செய்வார்? காவிரித் தண்ணீரை ஒகேனக்கலிலிருந்து ஊர் ஊராகக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 2013இல்தான் செயல்பாட்டுக்கு வந்தது. எத்தனை ஆர்ஓ மெஷின் விற்றிருந்தாலும் கடைசி வீட்டுப் பிள்ளையின் பல்லைக் காப்பாற்றியிருக்காது. இன்றைக்கும் குழாயில் தண்ணீர் வராத தெருவில் வசதியான நாலு வீடு கேன் வாங்க ஆரம்பித்தால், பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய்ச் சத்தம் போடுகிறவர்களில் நாலு பேர் குறைவு. அவர்கள்தான் பெரும்பாலும் அதிகாரியிடம் பேசத் தெரிந்தவர்கள். பள்ளிக்கூடத்திலும் அரசு ஆஸ்பத்திரியிலும் நடப்பது இதே கதை.

பொதுக் காரியத்துக்குச் செலவழிக்கும் பழக்கமே போய்விட்டதா?

போகவில்லை. திரௌபதி அம்மன் கோவிலில் பாரதம் வைக்கும் ஊர்களில் இன்னும் வீட்டுக்கு வீடு வரி போடுகிறார்கள், கூத்து நடக்கும் ராத்திரிகளில் தர்மன் சூதாடித் தோற்பதை ஊரே உட்கார்ந்து பார்க்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே போனில் ரம்மி ஆடிய பையன்களும் உண்டு என்பது வேறு விஷயம்.

டியூ கட்ட முடியவில்லை, வசூலுக்கு வருகிறவர்கள் வாசலில் நின்று கத்துகிறார்கள். என்ன செய்வது?

கடன் கடன்தான், கட்டத்தான் வேண்டும். ஆனால் அவமானப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பின்னாலும் வசூல் ஆட்கள் போன் செய்து நெருக்கக் கூடாது, மிரட்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு 2025இல் தனிச் சட்டமும் கொண்டுவந்திருக்கிறது. கந்துவட்டியாக இருந்தால் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, போலீசில் புகார் கொடுக்கலாம். வங்கியோ பதிவு பெற்ற நிதி நிறுவனமோ என்றால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள 14448 என்ற எண் இருக்கிறது. தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரச் சொல்லியும் கேட்கலாம். பேசி வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.